படகுச் சாமான்களுக்கு எந்தப் பூச்சு நிற்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறுவதும், அடிப்பாகத்தைச் சுரண்டுவதும், பெயிண்ட் கடையில் கணக்கு ஏறுவதும், துருவேறிய கீல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "போன வருசம்தானே மாத்தினோம்" என்று பட்டறை வாசலில் ஆட்கள் வந்து நிற்பதும் எல்லாம் இந்த இரண்டு மாதத்தில்தான். படகுச் சாமான் செய்து பூட்டிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், ஒரே கேள்வியை வேறு வேறு ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பதிலையும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் வாய்க்காவது ஓய்வு கிடைக்கும்.

சாமான் என்று இங்கே சொல்வது கைப்பிடி, கீல், தாழ்ப்பாள், ரெயிலிங், கயிறு கட்டும் பொல்லார்டு, கப்பி, நங்கூர ரோலர், சுக்கான் பொருத்து, இவற்றையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட்டு நட்டு. இன்ஜின் இதில் இல்லை.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்தப் பூச்சு நல்லது?

எங்கே பூட்டப்போகிறீர்கள் என்று சொன்னால்தான் சொல்ல முடியும். மேல்தளத்தில் பாரம் தாங்குகிற இரும்பா, சூட்டில் தோய்த்த துத்தநாகம். கை படுகிற இடமா, நன்றாகப் பாலிஷ் செய்த 316 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), மேலே எதுவும் பூசாமல். எப்போதும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதா, வெண்கலம், பக்கத்தில் ஒரு ஜிங்க் கட்டி (தான் கரைந்து மற்றதைக் காக்கும் துத்தநாகக் கட்டி). அலுமினியம் என்றால் அனோடைஸ், அதாவது அதன் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றுவது. குரோம் முலாம் கேபினுக்குள்ளே மட்டும், அதுவும் உள்ளே பித்தளை இருந்தால் மட்டும்.

இதில் பாதி இடத்தில் பூச்சே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கடைக்காரர் காட்டுவது மினுமினுப்பை. கடலில் சாமான் சாவது பெரும்பாலும் மினுக்கும் முகத்தில் அல்ல, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில், ஓட்டைக்குள், வாஷருக்குக் கீழே, வெல்டிங் மூலையில். அதனால் முதலில் உலோகம், அடுத்தது அது உட்காரும் விதம், அப்புறம்தான் பூச்சு.

எஸ்எஸ் துருப்பிடிக்காது என்றுதானே விற்றார்கள்? ஆறு மாதத்தில் பழுப்பாகிவிட்டதே.

எஸ்எஸ் என்பது ஒரு உலோகம் அல்ல, ஒரு குடும்பம். சந்தையில் அதிகம் கிடைப்பது மூன்று: 202, 304, 316. 202 நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவு ரகம். மாடிப்படிக் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் ஓடுகிறது, கடலுக்கு ஆகாது. 304-ல் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 316-ல் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. அந்த இரண்டு சதவீதத்துக்குத்தான் நீங்கள் கூடுதல் காசு கொடுக்கிறீர்கள், உப்பில் உள்ள குளோரைடை எதிர்த்து நிற்பதும் அதுதான். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் குளோரைடு.

எஸ்எஸ் மேல் இருக்கும் காப்பு, குரோமியம் காற்றோடு சேர்ந்து தானாகவே உண்டாக்கிக்கொள்ளும் ஒரு ஆக்சைடுப் படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் காற்றுப்பட்டால் தானே மூடிக்கொள்ளும், அதுதான் அதன் சிறப்பு. காற்று படாத இடத்தில் மூடிக்கொள்ளாது, அதுதான் அதன் பலவீனம். இந்த இரண்டு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அப்படியென்றால் 316 தானே?

இல்லை. 202, 304, 316 மூன்றிலுமே காந்தம் சாதாரணமாக ஒட்டாது. வளைத்த இடத்திலும் இழுத்த கம்பியிலும் மூன்றிலுமே லேசாக ஒட்டலாம். காந்தம் வைத்துக் காட்டி "பாருங்க, அசல் சரக்கு" என்று சொல்பவருக்கு ஒன்று தெரியவில்லை, இல்லை தெரிந்தே சொல்கிறார். மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைத் திரவம் சின்ன பாட்டிலில் விற்கிறது. ஒரு சொட்டு விட்டு மின்சாரம் கொடுத்தால் நிறம் மாறுவதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். பெரிய பழைய உலோகக் கடைகளில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள், உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் எது எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டிவிடும். தெரிந்தவர் யாராவது இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நான் ஒரு முறை சோம்பேறித்தனப்பட்டு, பில்லில் 316 என்று போட்டிருந்ததை நம்பி ஒரு படகுக்கு ரெயிலிங் முழுக்கப் போட்டேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் ஓரமெல்லாம் செம்புள்ளி. மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாற்றியது என் கைக்காசில்.

உண்மையான 316-லும் டீக்கறை மாதிரி வருகிறதே?

வரும். அது துளைக்கும் துரு அல்ல, மேல்கறை. பயப்பட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதலாவது, மேற்பரப்பு சொரசொரப்பு. பிரஷ் கோடு போட்ட மேட் எஸ்எஸ் பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொரு கோடும் உப்பு தங்கும் வாய்க்கால். கடலோரத்துக்கு அரை மைக்ரானுக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த சொரசொரப்பு வேண்டும் என்பார்கள், அதாவது முகம் தெரிகிற பாலிஷ். எலக்ட்ரோ பாலிஷ் செய்தால் இன்னும் நல்லது. அதில் மின்சாரமே மேடுகளைக் கரைத்து எடுத்துவிடும்.

இரண்டாவது, பட்டறையில் ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள். இரும்பு அறுத்த அதே கட்டிங் வீலால் எஸ்எஸ்ஸையும் அறுப்பது, கம்பி பிரஷ் போடுவது, பக்கத்தில் கிரைண்டிங் ஓடும்போது மூடாமல் வைப்பது. ஒட்டிய துகள்தான் துருப்பிடிக்கும், பழி எஸ்எஸ் மேல் விழும். பூட்டுவதற்கு முன்னால் சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் இந்தத் துகள் போய், குரோமியப் படலம் நன்றாக உட்காரும். வெல்டிங் விட்ட கருப்புக் கறையை எடுக்கப் பட்டறையில் போடும் பசை இருக்கிறதே, அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்திருக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமல், உள்ளே எலும்பு வரைக்கும் போகும். கையுறை, முகக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, மழை படாத இடம். இதைச் சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். மழையில் நனையும் ரெயிலிங்கைவிடக் கூரைக்குக் கீழே நனையாமல் இருக்கும் கம்பிதான் முதலில் கறையாகும், ஏனென்றால் அதன் மேல் படிந்த உப்பைக் கழுவ ஆளே இல்லை. நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பதை மிஞ்சிய மருந்து கிடையாது. பாத்ரூம் கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் எஸ்எஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அவையும் குளோரைடு குடும்பம்தான். தேய்க்க நைலான் நார் போதும், இரும்பு நார் கூடாது.

அப்படியானால் எஸ்எஸ் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் பாதுகாப்புத்தானே?

பெரும்பாலும் நேர் எதிர். பெயிண்ட் முழுசாக ஒட்டியிருக்கும் வரை சரி. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டால் உள்ளே உப்புத்தண்ணீர் போகும், காற்று போகாது, படலம் மறுபடி உண்டாகாது, அந்த இடுக்கில் மட்டும் குழி விழ ஆரம்பிக்கும். வெளியே பார்த்தால் பெயிண்ட் நன்றாக இருக்கும்.

இதே கதைதான் போல்ட்டிலும். ஒரு ஃபைபர் படகில் பொல்லார்டைக் கழற்றியபோது வந்த 12 மில்லி போல்ட்டு ஒன்றை மேசையிலேயே வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட. தலை கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மரை இருக்கும் நுனியும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில், ரப்பர் வாஷருக்குக் கீழே தளத்துக்குள் புதைந்திருந்த ஒரு விரற்கடை அளவு மட்டும் எலி கடித்த மாதிரி குடைந்து, பென்சில் தடிமனுக்கு இளைத்திருக்கிறது. அந்த ரப்பர் தண்ணீரை உள்ளே விட்டது, வெளியே விடவில்லை. எந்தப் பூச்சும் இதைத் தடுத்திருக்காது. ஓட்டையில் சீலன்ட் நிரப்பி, உள்ளே வெற்றிடமே இல்லாமல் அடைத்துப் போல்ட்டை இறக்கியிருந்தால் தடுத்திருக்கும். தளத்தில் போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். சிலிகான் ஜன்னலுக்கு மட்டும் போதும்.

ஜிஐ (துத்தநாகம் ஏற்றிய இரும்பு) என்று வாங்கிய கொண்டி ஒரே வருடத்தில் துருப்பிடித்தது, பட்டறைக்காரர் ஜிஐ பத்து வருடம் வரும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள். துத்தநாகத்தை இரும்பு மேல் ஏற்ற இரண்டு வழி. ஒன்று மின்முலாம்: பளபளவென்று, சில சமயம் மஞ்சள் வானவில் சாயலோடு இருக்கும், தடிமன் 5 முதல் 12 மைக்ரான். இன்னொன்று சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் அப்படியே முக்கி எடுப்பது: மங்கலான சாம்பல் நிறம், சில சமயம் பூப்போட்ட மாதிரி, 6 மில்லிக்கு மேற்பட்ட தகட்டில் 85 மைக்ரான் அளவு. பெயர் இரண்டுக்கும் ஜிஐ.

இப்போது கணக்கு. கடுமையான கடலோரக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 முதல் 8 மைக்ரான் கரையும். 8 மைக்ரான் முலாம் ஒன்றிரண்டு வருடம். 85 மைக்ரான் என்றால் பத்து முதல் இருபது வருடம். படகில் அலை நேரடியாக அடிக்கும் இடத்தில் அதைவிட வேகமாகக் கரையும் என்பதால் நான் கீழ்க்கணக்கையே எடுத்துக்கொள்வேன். கடையில் மின்னுகிற கொண்டியை விட்டுவிட்டு மங்கலானதை எடுங்கள் என்று சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டும்.

துத்தநாகத்தின் பெரிய குணம், கீறல் விழுந்தால் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். பெயிண்டோ குரோமோ அப்படிச் செய்யாது. நங்கூரம், சங்கிலி, வின்ச் சட்டம், கயிறு உரசும் பொல்லார்டு, இதுக்கெல்லாம் இதைவிடப் பொருத்தமான பூச்சு எனக்குத் தெரியவில்லை.

தோய்க்கக் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

வெல்டிங், துளை, வளைவு எல்லா வேலையும் முடித்துவிட்டு அப்புறம் கொடுங்கள். தோய்த்தபின் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், புகையும் கெடுதல். ஸ்பிரே டப்பாவில் வரும் ஜிங்க் பெயிண்ட் அந்த ஒட்டுக்கு மட்டும், முழுச் சாமானுக்கு அல்ல.

பைப்பில் செய்த சட்டம் என்றால் இரண்டு முனையிலும் காற்றுத் துளை கட்டாயம். இரண்டு பக்கமும் அடைத்த பைப்புக்குள் ஈரம் இருந்து, 450 டிகிரித் தொட்டியில் இறங்கினால் வெடிக்கும். நல்ல தோய்ப்பகம் அப்படிப்பட்டதை வாங்கவே மாட்டார்கள். மரை உள்ள இடத்தில் தடிமன் ஏறும், நட்டு உள்மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், வெள்ளைப்பொடி பூக்கும்.

தோய்த்த ஜிஐ மேல் எனாமல் அடித்தேன், தோல் மாதிரி உரிகிறது.

சாதாரண எனாமலில் எண்ணெய் உண்டு. துத்தநாகம் அந்த எண்ணெயோடு சேர்ந்து கிட்டத்தட்ட சோப்பாகிவிடும், பெயிண்டுக்கு அடியில் சோப்பு இருந்தால் எப்படி ஒட்டும்? வண்ணம் வேண்டுமென்றால் எட்ச் பிரைமர் அல்லது ஜிஐக்கென்றே வரும் எபாக்ஸி பிரைமர் ஒரு கை, அதன் மேல் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பெயிண்ட். இப்படி இரண்டும் சேர்ந்தால் ஆயுள் இரண்டையும் கூட்டினதைவிட அதிகம் வரும். வண்ணம் வேண்டாமா, விட்டுவிடுங்கள், சாம்பல் நிறமே போதும்.

தோய்க்க ஆள் இல்லை, தூரம். இரும்பு மேல் பெயிண்டை மட்டும் நம்பலாமா?

நம்பலாம், ஆனால் பெயிண்ட் அடிப்பதில் பெயிண்ட் கடைசி வேலை. ரெட் ஆக்சைடு ஒரு கை, மேலே அலுமினியப் பெயிண்ட் ஒரு கை என்ற பழைய வழக்கம் வீட்டு ஜன்னலுக்குச் சரி, படகில் ஒரு சீசன் தாண்டாது.

முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் உப்பை இரும்புக்குள் திணிக்கிறீர்கள். அப்புறம் எத்தனை கை அடித்தாலும் கொப்புளம் வரும். துருவை எடுக்க மணல்வீச்சு மாதிரி பிளாஸ்டிங் கிடைத்தால் அதுதான் உயர்ந்தது. கிடைக்காவிட்டால் கிரைண்டரில் டிஸ்க் மாற்றி வெள்ளை இரும்பு தெரியும் வரை. அப்புறம் கூர்முனைகளை அரத்தால் மழுக்குங்கள். இதை யாரும் செய்வதில்லை, துரு எப்போதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. காயும்போது பெயிண்ட் கூர்முனையிலிருந்து பின்வாங்கி மெலிந்துபோகும். தகட்டு ஓரத்தில் விரலை ஓட்டினால் வெட்டுகிற மாதிரி இருந்தால் அங்கே பெயிண்ட் நிற்காது. விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், இரண்டு மில்லி ஆரம் போதும். ஓரம், வெல்டிங், துளை வாய் மூன்றுக்கும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை கொடுத்துவிட்டுப் பிறகு முழுவதும் அடியுங்கள்.

பெயிண்ட் வரிசை: துத்தநாகப் பொடி நிறைந்த எபாக்ஸி பிரைமர் 60 மைக்ரான் அளவு, நடுவே கெட்டி எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன், எல்லாம் சேர்ந்து 250 மைக்ரானுக்கு மேல். மேலே பாலியூரித்தேன் எதற்கு என்றால், எபாக்ஸி வெயில் தாங்காது, சுண்ணாம்பு மாதிரி பொடிந்து கையில் ஒட்டும். பாலியூரித்தேனை ஸ்பிரே செய்யும்போது அதற்கான முகமூடி போட வேண்டும், கைக்குட்டை கட்டினால் ஆகாது. அதில் கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலைப் பிடிக்கும்.

நேரமும் முக்கியம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே, இரும்பின் சூடு பனிபடியும் நிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் அடித்த பெயிண்ட் தையில் உரிவது இதனால்தான். கருவி இல்லையென்றால் ஈரத்துணியால் இரும்பைத் துடைத்துப் பாருங்கள், பதினைந்து நிமிடத்தில் தானாகக் காயவில்லை என்றால் அன்றைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

பெயிண்டை மட்டும் நம்பிக் கடலில் நிற்க முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் பாம்பனைப் பார்க்கலாம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காப்பாற்ற நூறு வருடம் ஓயாமல் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. 2025-ல் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் வகைப் பெயிண்டும், கான்கிரீட்டுக்குள் எஸ்எஸ் கம்பியும் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் பெயிண்டை மட்டும் நம்பவில்லை பாருங்கள்.

பவுடர் கோட்டிங்?

இரும்புக்கு, படகில், வேண்டாம். 60 முதல் 80 மைக்ரான் பிளாஸ்டிக் தோல்தான் அது. ஒரு கல் பட்டு உடைந்தால் தண்ணீர் அடியிலேயே ஓடி, ஒரு நாள் முழுத் தோலும் கையோடு வரும். கேபினுக்குள் நாற்காலிக் காலுக்குப் போடலாம்.

குரோம் முலாம் கீல் வாங்கினேன். கொப்புளம் கொப்புளமாக வருகிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். குரோம் மேலே ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது, அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் உண்டு. காப்பது அடியில் உள்ள 20, 30 மைக்ரான் நிக்கல். அதற்கும் அடியில் பித்தளை இருந்தால் நிக்கலில் ஓட்டை விழுந்தாலும் பச்சைக் களிம்பு பூக்கும், அவ்வளவுதான். அடியில் துத்தநாக வார்ப்பு இருந்தால் உள்ளிருந்து வெள்ளையாகப் பொங்கி முலாமைத் தூக்கி எறியும்.

வாங்கும்போதே கண்டுபிடிக்கலாம். கையில் எடை பாருங்கள், ஒரே அளவுப் பித்தளை வார்ப்பைவிடத் துத்தநாக வார்ப்பு ஐந்தில் ஒரு பங்கு இலகு. அப்புறம் பின்பக்கம், திருகு போகும் ஓட்டையின் உள்விளிம்பில் சின்ன அரத்தால் இரண்டே இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சாம்பல் தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடைக்காரர் அரம் போட விடமாட்டார் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பிவிடி பூச்சு என்று தங்க நிறத்தில், கருப்பில் வருகிறதே?

வெற்றிட அறையில் டைட்டானியம் நைட்ரைடு போன்றவற்றை ஆவியாக்கிப் படியவைப்பது. ரொம்பக் கெட்டி, கீறல் விழாது, நிறம் மங்காது. ஆனால் ஒன்றிரண்டு மைக்ரான்தான், நுண்துளை வழியாக உப்பு அடி உலோகத்தைத் தொடும். 316 மேல் பிவிடி என்றால் சொகுசுப் படகுக் குழாய்க்கும் கைப்பிடிக்கும் அருமை. 202 மேல் பிவிடி என்றால் பட்டுப்புடவைக்குள்ளே துருப்பெட்டி.

பித்தளையைத் தண்ணீருக்கு அடியில் போடலாமா? மேலே ஏதாவது பூசினால்?

போடாதீர்கள். கடல்நீரில் பித்தளையில் உள்ள துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேறும்; மிஞ்சுவது செம்புப் பஞ்சு. அளவு மாறாது, உருவம் மாறாது, நிறம் மட்டும் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாகும். ஒரு நாள் வால்வைத் திருகினால் கையோடு உடைந்து வரும், ஓட்டை வழியாகக் கடல் உள்ளே வரும். கீழ்வால்வு, தண்ணீர்க் குழாய் வாய் எல்லாம் கன்மெட்டல் அல்லது வேறு நல்ல வெண்கலமாக இருக்கட்டும். மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்பது பெயரில்தான் வெண்கலம், உள்ளே பித்தளைதான். படகைத் தள்ளும் விசிறிக்கு ஓடும், சின்னத் திருகுக்கு வேண்டாம்.

வெண்கலத்துக்குப் பூச்சு தேவையில்லை. பச்சையாகட்டும், அந்தப் பச்சையே அதன் சட்டை.

அலுமினியச் சாமான்? எஸ்எஸ் திருகு போட்ட இடத்தில் வெள்ளைப் புண் வருகிறது.

அனோடைஸ் செய்யுங்கள், கடலுக்கு 25 மைக்ரான் கேளுங்கள். ஜன்னல் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதி. அது மேலே ஒட்டிய தோல் அல்ல, அலுமினியமே ஆக்சைடாக மாறியது, அதனால் உரியாது. காஸ்டிக் சோடா, சுண்ணாம்பு, சிமென்ட் தண்ணீர் பட்டால் மட்டும் தின்றுவிடும்.

வெள்ளைப் புண்ணுக்குக் காரணம் இரண்டு உலோகம் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டது. பேட்டரி மாதிரி, அலுமினியம் கரைந்து எஸ்எஸ்ஸைக் காப்பாற்றுகிறது. பழைய சங்கதிதான் இது. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை அலாரம் என்ற கப்பலின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு போர்த்தியது. இரண்டு வருடத்தில் கரையேற்றிப் பார்த்தால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல கரைந்து கூழாகிவிட்டன. சில ஆணி மட்டும் புதுசு மாதிரி. ஏன் என்று பார்த்தால், செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த ஆணிகளில் மட்டும் இடையே மாட்டிக்கொண்டு, இரும்பும் செம்பும் தொடாமல் தடுத்திருக்கிறது.

உங்களுக்கும் வேண்டியது அந்தக் காகிதம்தான். நைலான் வாஷர், திருகைச் சுற்றி நைலான் குழாய், மரையில் இதற்கென்று வரும் பசை. பசை கிடைக்காவிட்டால் சீலன்ட்டாவது. வெறும் மரையை முடுக்கினால் இரண்டு வருடத்தில் திருகும் கழலாது, தலை முறியும்.

அளவும் முக்கியம். பெரிய ஜிஐ தகட்டில் சின்ன எஸ்எஸ் போல்ட்டு பரவாயில்லை, கரைவது பெரிய பரப்பில் பரவிப் போகும். பெரிய எஸ்எஸ் தகட்டில் சின்ன ஜிஐ போல்ட்டு போட்டால் போல்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். அலுமினியப் படகின் அடியில் செம்பு கலந்த சிப்பி தடுப்புப் பெயிண்டும் இதே காரணத்தால் ஆகாது.

ஜிங்க் கட்டி மேலேயும் பெயிண்ட் அடித்துவிட்டேன், அழகாக இருக்கட்டுமே என்று.

சுரண்டி எடுங்கள். அது கரைவதற்காகவே பூட்டியது. 1824-ல் ஹம்ஃப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்ன வழி: செம்புத் தகட்டோடு துத்தநாகமோ இரும்போ சேர்த்துவிட்டால் செம்பு கரையாது. சொன்னபடியே கரையவில்லை, ஆனால் செம்பு கரையாததால் அதன் நஞ்சும் தண்ணீரில் இறங்காமல், கப்பலின் அடியில் கொட்டலசும் பாசியும் மண்டிவிட்டன. காப்பு என்றால் யாரோ ஒருவர் கரைய வேண்டும், நம் படகில் அது அந்தக் கட்டி. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். ஒரு வருடமாகியும் அப்படியே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது பூட்டிய உலோகத்தோடு (விசிறியைச் சுழற்றும் சாப்ட்டு மாதிரி) சரியாகத் தொடவில்லை என்று அர்த்தம். உப்புநீருக்குத் துத்தநாகம், ஆற்றுநீருக்கு மக்னீசியம்.

ஃபைபர் படகு, கையில் காசு கம்மி. எதில் முதலில் செலவு செய்ய?

உயிர் தொங்கும் இடத்தில். தண்ணீருக்கு அடியில் உள்ள வால்வு, சுக்கான் பொருத்து, அவற்றின் போல்ட்டுகள். அடுத்தது கயிறு கட்டும் பொல்லார்டும் நங்கூரக் கொண்டியும், தோய்த்த ஜிஐ போதும், எஸ்எஸ்ஸைவிட மலிவு. ரெயிலிங்குக்குக் காசு மிச்சமிருந்தால் 316, இல்லையென்றால் தோய்த்த பைப். கேபின் கீலும் தாழ்ப்பாளும் கடைசி. நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அணியத்தில் (படகின் முன்முனையில்) கண்ணாடி மாதிரி ரெயிலிங், அடியில் பித்தளை வால்வு.

பூட்டிய பிறகு என்ன செய்ய வேண்டும்?

கரைக்கு வந்ததும் இரண்டு குடம் நல்ல தண்ணீர், கீலிலும் கப்பியிலும் வாஷர் ஓரத்திலும். மாதம் ஒரு முறை கையில் துணியோடு சுற்றிவந்து எங்கே பழுப்புக் கோடு வழிகிறது என்று பாருங்கள், கோடு தொடங்கும் இடம்தான் நோய். தடைக்காலத்தில் ஒவ்வொரு பொல்லார்டிலும் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி நடுப்பகுதியைப் பாருங்கள். நன்றாக இருந்தால் புது சீலன்ட் போட்டு இறக்கிவிட்டு அடுத்த வருடம் பக்கத்துப் போல்ட்டு. இளைத்திருந்தால் நாலையும் மாற்றுங்கள், பழசில் ஒன்றை என் மேசைக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.